அவர் முடிக்காமல் விட்ட கொலைக் கதை

இன்று கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் போக ரயில் ஏறினேன். கையில் என் வீட்டுக்காரர் படித்து முடிக்காமல் விட்ட நாவல். ஒரு சின்ன டவுனில் நடக்கும் கொலைக் கதை.

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் நான் சமைக்கும்போது அவர்தான் சத்தமாகப் படித்துக் காட்டுவார். (இந்தப் பதிவையும் போனில் வாயால் சொல்லித்தான் எழுதுகிறேன்.) அவர் மடித்து வைத்த பக்கத்தைத் தாண்ட எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

பக்கத்தில் இருந்த பெண் அட்டையைப் பார்த்துவிட்டாள்.

"ஆன்டி, இந்த புக்கா! நான் முடிச்சிட்டேன். அந்த டவுன்ல ஒருத்தர் விடாம எல்லாரும் எதையோ மறைக்கிறாங்க லா. கொலைகாரன் யாருன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"வீட்டுக்காரர் டாக்டர்தான்னு அடிச்சுச் சொல்வாரு. நான் தபால்காரன்னு சொல்வேன். தெனமும் இதே சண்டைதான்."

"அங்கிள் இப்ப என்ன சொல்றாரு?"

"போன மாசம் தவறிட்டாரும்மா. கொஞ்சப் பக்கந்தான் பாக்கி."

அவள் முகம் வாடிவிட்டது. "முடிவ நான் சொல்லட்டுமா ஆன்டி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வேணாம்மா. தெரிஞ்சிட்டா எங்க சண்டை முடிஞ்சிடும்."

தலையாட்டினாள். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆனா ஆன்டி, நீங்க ரெண்டு பேருமே..." என்று ஆரம்பித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் போன பிறகு நான் சிரித்தது இன்றுதான்.

இது எந்த நாவல் என்று கண்டுபிடித்தவர்கள் தயவுசெய்து முடிவை இங்கே எழுதிவிடாதீர்கள். மற்றவர்கள் யாராவது, தபால்காரன் இல்லை, டாக்டர்தான் என்று என்னிடம் சண்டைக்கு வாருங்கள். வீட்டில் எதிர்த்துப் பேச இப்போது ஆள் இல்லை.