பதினேழு கேக், ஒரு வட்டிலப்பம்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூத்த மகன் அர்ஷாக் போட்ட கேள்விக்கு வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்கு முன்பே விடை வந்துவிட்டது. வாப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவதா, தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவிக்கும் வட்டிலப்பம் வைப்பதா? கேக்குக்குப் பதினேழு பேர். வட்டிலப்பத்துக்கு ஒரே ஒரு ஆள். அந்த ஒரு ஆள், அர்ஷாக்கின் உம்மா பரீதா.

தோற்றது அவளுக்கு வலிக்கவில்லை. பதினேழு பேரும் யார் யார் என்று விரலால் தட்டிப் பார்த்தாள். மருமகள் பஸ்னா, கணவரின் தங்கை றம்லா, கத்தாரில் இருக்கும் சின்ன மகன் நுஸ்கி, மச்சான்மார், அவர்களின் பிள்ளைகள். கடைசியில் இருந்த பெயரைக் கண்டதும் அவளுக்கு நெஞ்சு எரிந்தது. ஸைனுலாப்தீன். அவளுடைய கணவரேதான். இரண்டு முழத் தூரத்தில், ஜன்னலோரக் கதிரையில், ஒன்றும் அறியாதவர்போல வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"நீங்க என்னத்துக்குக் கேக்குக்கு அமத்தின?" என்று கேட்டாள்.

"அமத்தாட்டி ஏனெண்டு கேப்பாங்க. நான் கேக் பைத்தியம் எண்டு தெரியாத ஆள் ஆர்?"

அவர் சொன்னது பொய்யில்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் டக் படகில் முப்பத்தொரு வருடம் சுக்கான் பிடித்த மனுஷன் அவர். வந்து சேரும் பெரிய கப்பல்களைக் கயிறு போட்டு இழுத்து வந்து மேடையோடு அணைக்கும் அந்தக் குட்டிப் படகில், அவர் போடும் சத்தம் கரைவரைக்கும் கேட்கும். கப்பல்காரர்கள் பழகிய முகத்துக்காகக் கொடுத்து அனுப்பும் கேக்கை ஒருத்தருக்கும் காட்டாமல் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வருவதிலும் அவரைப்போல வேறு ஆள் இல்லை.

அப்படிப்பட்டவருக்கு ஏழு மாதத்துக்கு முன்பு ஒரு விடியற்காலையில் பாரிசவாதம் வந்து, வலது பக்கத்தை இழுத்துப் போட்டது. நாற்பது நாளில் கை வந்தது, கால் வந்தது, பேச்சும் வந்தது. ஊரே அல்ஹம்துலில்லாஹ் என்றது. ஒன்று மட்டும் திரும்பி வரவில்லை. அது பரீதாவையும் அவரையும் ஆஸ்பத்திரித் தாதி மிஸ்ஸையும் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. அவரால் சரியாக விழுங்க முடியாது.

தலையைக் குனிந்து, நாடியை நெஞ்சோடு சேர்த்து வைத்து, ஒவ்வொரு வாயையும் இரண்டு தரம் விழுங்க வேண்டும். தேத்தண்ணீரைக்கூடக் கூழ்போலத் தடிப்பாக்கித்தான் குடிக்க வேண்டும். உதிர்கிற பண்டம் எதுவும் வாயில் படவே கூடாது, தூள் ஒன்று தவறி மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்று மிஸ் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். வழுவழுப்பாக, ஒரே பதத்தில் இருப்பவைதான் அவருக்கு உணவு. தயிர், கஞ்சி, கஜுப் பருப்புப் போடாத வட்டிலப்பம்.

கப்பலையே இழுத்தவர் ஒரு வாய்ச் சோற்றை இழுக்க முடியாமல் கிடப்பது வெளியே தெரியக் கூடாது என்று அவர் பரீதாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார். கலியாண வீட்டுக்குப் போவதில்லை. யாராவது வந்தால், "இப்பதான் திண்டன்" என்பார். மகன்கள் கூடவே இருந்தால் ஒரு வாரத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். ஆனால் கிண்ணியா வழமைப்படி மாப்பிள்ளைமார் பெண் வீட்டோடுதான் போக வேண்டும். அர்ஷாக் திருகோணமலை டவுனில் பஸ்னாவின் தாய் வீட்டில் இருந்தான். பெண்பிள்ளை இல்லாத பரீதாவின் வீட்டில் இரண்டு பேரும் இரண்டு கோப்பையும்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு நாள், பாட்டுப் போட்டுக்கொண்டு பாண், பணிஸ் என்று ரொட்டி வகை விற்க வரும் ஓட்டோவை மறித்து, அவர் களவாக ஒரு பணிஸ் வாங்கித் தின்றுவிட்டார். வாசல் படலையடியில் அவர் முகம் நீலம் பாரித்துக் கிடந்ததைக் கண்டவள் பரீதா. முதுகில் அறைந்து அறைந்து அந்த மூச்சைத் திரும்ப எடுத்தவளும் அவள்தான். அந்த நீலம் அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"ஒரு துண்டுதானே. வாய்க்குள்ள வச்சிக்கொண்டு இருந்து பிறகு துப்பிருவன்," என்றார் ஸைனுலாப்தீன்.

"கேக்குத் தூள் உங்கட கட்டளைக்குக் காத்துக்கொண்டு நிக்குமா?" என்றாள் அவள். "நான் சத்தியத்தை முறிக்க மாட்டன். ஆனா உங்கட வாய்க்குள்ள கேக் போகாது. எழுதி வச்சிக்கொள்ளுங்க."

பரீதாவின் பிடிவாதம் அவருக்குத் தெரியாதா? பதின்மூன்று வயதில் உம்மாவைப் பறிகொடுத்து, நாலு தம்பிமாரைச் சோறு போட்டு வளர்த்தவள். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருடம் வீட்டின் முன்பாதியும் குசினியும் போய்விட்டன. எல்லாரும் அழுதுகொண்டு நின்றபோது, வட்டிலப்பம் அவிக்கிற பானையைத் தேடி மூன்று நாள் சேற்றில் நடந்தவள். வயலுக்குள் நெளிந்து கிடந்த பானையைத் தலையில் தூக்கி வந்து, தட்டி நிமிர்த்தினாள். அடுத்த பெருநாளுக்கு அதே பானையில்தான் அவித்தாள். அந்தப் பானை இன்றைக்கும் இருக்கிறது.

காரணத்தைச் சொல்லாமல் சண்டையில் ஜெயிக்க வேண்டும். அதுதான் பாடு. முதலில் பஸ்னாவுக்குப் போன் எடுத்து, மாமாவுக்குச் சீனி கூடாது என்று சொல்லிப் பார்த்தாள். பஸ்னா நல்ல பிள்ளை. வீட்டிலிருந்தே ஐசிங் கேக் செய்து டவுன் முழுக்கப் பேர் எடுத்தவள். அவள் சிரித்துவிட்டாள்.

"மாமி, சீனி எண்டா வட்டிலப்பத்தில என்ன உப்பா இருக்கு?"

போன் ஒலிபெருக்கியில் கிடந்திருக்க வேண்டும். பின்னால் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது. பிறகு பஸ்னா பொறுமையாக விளங்கப்படுத்தினாள். கேக் என்றால் பேர் எழுதலாம், மெழுகுதிரி வைக்கலாம், நாற்பது பேருக்கும் வெட்டிக் கையில் கொடுக்கலாம். வட்டிலப்பம் போட்டோவில் சேறுபோல இருக்கும், அதற்குக் கரண்டி தேட வேண்டும். பரீதாவும் விடவில்லை. உங்கள் கேக்கில் பாதி ஐசிங்கை ஆட்கள் வழித்து ஓரத்தில் வைக்கிறார்கள், என்னுடைய வட்டிலப்பத் தட்டு திரும்பி வரும்போது கழுவவே தேவையில்லை என்றாள். சொன்ன பிறகு அந்தப் பிள்ளையின் மௌனம் அவளைச் சுட்டது. ஆனால் சொல்லை எப்படித் திரும்ப எடுப்பது?

மறுநாள் றம்லா வந்து வாசலில் நின்றே ஏசிவிட்டுப் போனாள். மருமகளின் பேர் பரவுவது மச்சிக்குப் பொறுக்கவில்லை என்று தெருவில் கதையாம். பரீதா குசினிக்குள் போய்த் தேங்காய் திருவத் தொடங்கினாள்.

கேக்கைப்போல வெட்டக்கூடிய வட்டிலப்பம். அவளுடைய திட்டம் அதுதான். மெழுகுதிரியும் அதன்மேல், கத்தியும் அதன்மேல் என்றால் முதல் துண்டும் அதிலிருந்துதானே போகும்? முதல் நாள் அவித்ததைக் கவிழ்த்தபோது அது தட்டில் உட்கார்ந்து படுத்துவிட்டது. இரண்டாம் நாள் முட்டையைக் கூட்டினாள். நெருப்பும் கூடிப்போய், உள்ளே தேன்கூடுபோல ஓட்டை ஓட்டையாக வந்தது. மூன்றாம் நாள், முதல் பாலை மட்டும் எடுத்தாள். கித்துல் கருப்பட்டியைக் கரைத்து, வெள்ளைச் சீலையில் மூன்று தரம் வடித்தாள். மூடியிலிருந்து ஆவித் தண்ணீர் சொட்டாமல் துணி கட்டி, மெல்லிய நெருப்பில் விட்டுக் காவல் இருந்தாள். ஆறிய பிறகு கவிழ்த்தாள். நின்றது. தட்டை ஆட்டினால் மெல்ல நடுங்கியது, விழவில்லை. தோற்றுப்போன வட்டிலப்பங்களை எல்லாம் தின்று தீர்த்தவர் ஸைனுலாப்தீன். அந்த வாரத்தில் அவர் கன்னம் கொஞ்சம் பூரித்தது.

பிறந்தநாள் வந்தது. அசர் முடிந்து ஆட்கள் சேர்ந்தார்கள். ஸைனுலாப்தீனோடு டக்கில் வேலை செய்த ஆனந்தராசா, உப்புவெளியிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். நடுங்கிக்கொண்டு நின்ற வட்டிலப்பத்தைப் பார்த்து, "தங்கச்சி, இதென்ன, என்னைக் கண்டு பயப்படுதோ?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பரீதாவும் சிரித்தாள். கிண்ணியாப் பாலம் வழியாக அர்ஷாக்கின் கார் வந்து நின்றது. பஸ்னா மடியில் வைத்தே கொண்டுவந்த பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தாள்.

சிரிப்பு நின்றது. நீல ஐசிங் கடல். அதன்மேல் ஒரு டக் படகு. கறுத்த புகைபோக்கி, பக்கத்தில் தொங்கும் டயர், எல்லாம் கேக். சுக்கான் அறைக்குள் வெள்ளைத் தொப்பியோடு குட்டியாக ஒரு மனுஷன். பழைய போட்டோ ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு வாரம் பாடுபட்டிருக்கிறாள். ஸைனுலாப்தீனின் கண் நிறைந்துவிட்டது. பரீதாவுக்கும்தான். இப்படி அன்பாகச் செய்து வந்த பிள்ளையின் கையை இன்றைக்கு நான் தட்டிவிட வேண்டுமா, யா அல்லாஹ், என்று அவள் உள்ளுக்குள் கதறினாள்.

அந்தப் படகுக்குப் பக்கத்தில் வட்டிலப்பத்தை யார் பார்ப்பார்கள்? மெழுகுதிரி கேக்கில் ஏறியது. கத்தியும் அங்கேதான் போனது. அர்ஷாக் கைபேசியைத் தூக்கி வீடியோ எடுத்தான். நுஸ்கி கத்தாரிலிருந்து நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ்னா படகின் முனையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, "மாமா, ஆ எண்டுங்க," என்று நீட்டினாள்.

ஸைனுலாப்தீன் பரீதாவைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தார்.

பரீதாவின் கை குறுக்கே போனது. துண்டு சிதறி, நீல ஐசிங் அவருடைய வெள்ளைச் சட்டையில் இழுபட்டது. மிச்சம் நிலத்தில் விழுந்தது. பஸ்னா நீட்டிய கையை மடக்காமலே நின்றாள், அவள் உதடு துடித்தது.

றம்லாதான் முதலில் பேசினாள். "அந்தப் புள்ளட கையால ஒரு துண்டு திண்டா உனக்கு என்ன குறைஞ்சி போகுது மச்சி?"

"உம்மா, இப்படி எண்டா இனி நாங்க இந்தப் படியில கால் வைக்க மாட்டம்," என்றான் அர்ஷாக்.

பெற்ற மகனின் வாயிலிருந்து வந்த சொல். பரீதாவின் நெஞ்சில் அது போய்க் குத்தி நின்றது. நாக்கு நுனியில் இருந்தது உண்மை. ஒரு வசனம் போதும், எல்லாப் பழியும் இறங்கிவிடும். அவள் சொல்லவில்லை. ஒரு கரண்டியில் வட்டிலப்பத்தை எடுத்து, கணவரின் முன்னால் பிடித்தாள்.

"இதைத் தின்னுங்க."

அவர் அந்தக் கரண்டியைப் பார்த்தார். அழுகிற மருமகளைப் பார்த்தார். பிறகு, பழி முழுவதையும் தன் தலையில் வாங்கிக்கொண்டு கல்லாக நிற்கும் தன் பெண்சாதியைப் பார்த்தார். கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

"அவளை ஏசாதீங்க," என்றார். "எனக்கு விழுங்க ஏலாது. அந்தப் பாரிசவாதம் வந்த நாளையிலருந்து ஏலாது. ஒரு பணிஸைத் திண்டு மௌத்தாகப் போனனான். இவதான் அடிச்சி எழுப்பினவ. வெளிய சொல்லக் கூடாதெண்டு சத்தியம் வாங்கினது நான்."

பிறகு, ஏழு மாதமாக ஒருத்தர் முன்னாலும் செய்யாததைச் செய்தார். நாடியை நெஞ்சோடு சேர்த்தார். பரீதா கரண்டியை வாயில் வைத்தாள். தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. இன்னொரு தரம் ஏறி இறங்கியது. நாற்பது பேரும் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "போயிற்று," என்றார் அவர்.

ஆனந்தராசா தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். "அடேய், இதையும் எனக்கு ஒளிச்சனியா? கேக்கை ஒளிச்சது காணாதெண்டு?" என்றார். அவருடைய குரல் உடைந்திருந்தது.

அர்ஷாக் கைபேசியைப் பையில் போட்டுவிட்டு வந்து உம்மாவின் கையைப் பிடித்தான். றம்லா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பஸ்னா முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு சின்னக் கரண்டியை எடுத்தாள். கேக்கில் படாமல், மேலே இருந்த நீலக் கடலில் மட்டும் கொஞ்சம் வழித்தாள். அதை மாமாவிடம் கொண்டுபோகவில்லை. மாமியிடம் நீட்டினாள்.

"மாமி, வெறும் பட்டர் ஐசிங்தான். இது குடுக்கலாமா?"

பரீதா அதை வாங்கி, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். தூள் இல்லை. கட்டி இல்லை. வழுவழுப்பாக இருந்தது. கரண்டியைத் திருப்பி மருமகளிடமே கொடுத்தாள்.

"நீயே குடு மகள். தலையைக் குனியச் சொல்லிக் குடு. அரைக் கரண்டிக்கு மேல வேணாம்."

அவர் குனிந்து, கண்ணை மூடி, அந்தக் கடலை இரண்டு தரம் விழுங்கினார். பிறகு புகைபோக்கியை ஏக்கத்தோடு பார்த்தார்.

"பாக்கலாம்," என்றாள் பரீதா. "தின்ன ஏலாது."

புகைபோக்கி ஆனந்தராசாவுக்குப் போனது. வட்டிலப்பத்துக்குக் கரண்டி போதாமல், அடுத்த வீட்டில் இரவல் வாங்கினார்கள். பஸ்னா பானைக்குப் பக்கத்தில் நின்று எத்தனை முட்டை, எவ்வளவு நேரம் என்று கேட்டுக் கேட்டுக் கைபேசியில் எழுதிக்கொண்டாள்.

அந்தி மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஸைனுலாப்தீன் மகனைக் கிட்டக் கூப்பிட்டு, அமத்தினதை மாற்ற முடியுமா என்று காதுக்குள் கேட்டார். முடியும் என்று அவன் காட்டிக் கொடுத்தான். பரீதா தட்டுகளை அடுக்கிக்கொண்டே குழுவைத் திறந்து பார்த்தாள். கேக்குக்குப் பதினாறு. வட்டிலப்பத்துக்கு இரண்டு.

மீதி வட்டிலப்பத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு, ஆட்கள் நிறைந்திருந்த முன்னறைக்கே போனாள். அவருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.