பதினொரு முறை சொன்ன பெயர்

நான் போடியில் பிறந்தவள். மலை எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்தே தெரியும். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு, மலையடிவாரத்து மக்களுக்கும் இயற்கைக்கும் உள்ள உறவை ஆராய என்னை விட்டால் ஆளில்லை என்று பல்கலைக்கழகத்தில் வாய் கிழியப் பேசி இடம் வாங்கினேன். தலைக்கனம் கொஞ்சம் இருந்தது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

என் ஆயுதம் நாலு பக்கப் படிவம். ‘காட்டைப் பார்க்கும்போது என் மனம் அமைதி அடைகிறது’ என்பது போல வரிசையாக வாக்கியங்கள் இருக்கும். நான் வாசிப்பேன், எதிரில் இருப்பவர் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். ஒன்று என்றால் இல்லவே இல்லை, ஐந்து என்றால் முழுக்க ஆமாம். எல்லோரிடமும் அச்சடித்தபடியே வாசிக்க வேண்டும், ஒரு சொல்லை மாற்றினாலும் படிவம் செல்லாது. என் பேராசிரியர் இதைப் போனில் தினமும் ஓதுவார்.

தேவாரம் ஊருக்கு மேற்கே, காட்டை ஒட்டிய நிலத்தில் ஓர் அக்காவைப் பார்த்தேன். பல வருஷமாக ஜீப்பில் போடிமெட்டு தாண்டிப் போய், கேரளத் தோட்டங்களில் கூலிக்கு ஏலக்காய் எடுத்தவர். விடியுமுன் எழுந்து, வளைவுக்கு வளைவு குலுங்கி, குனிந்தே வேலை செய்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. இந்த வருஷம்தான் புருஷனும் பெண்டாட்டியும் குத்தகைக்கு நிலம் பிடித்து மக்காச்சோளம் போட்டிருந்தார்கள். கருது முற்றி நின்றது.

“இது மட்டும் வீடு வந்து சேரட்டும் ஆத்தா, ஜீப்புக்கு ஒரேயடியா முழுக்குப் போட்ருவேன்” என்றார்.

எட்டு வாக்கியங்களுக்குச் சிரித்துக்கொண்டே எண் சொன்னார். ஒன்பதாவதை வாசித்தேன்: “எங்கள் நிலத்துக்கு வரும் யானை மீது எனக்குக் கோபம் வருகிறது.”

அக்காவின் சிரிப்பு நின்றது. “பேரச் சொல்லாத ஆத்தா. கூப்ட்ட மாதிரி ஆயிரும். பெரியவருன்னு சொல்லு. கருது வீட்டுக்கு வந்தப்பறம் எத்தன தடவ வேணாலும் பேரச் சொல்லிக்க.”

எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். இதைத் தேடித்தானே வந்தேன்? நோட்டில் எழுதி, பக்கத்தில் நட்சத்திரக் குறியும் போட்டேன். எழுதி முடித்துவிட்டு, அடுத்த வாக்கியத்தை அச்சடித்தபடியே வாசித்தேன். அதிலும் யானை இருந்தது.

படிவத்தில் மொத்தம் பதினொரு இடத்தில் அந்தச் சொல். ஒவ்வொரு முறையும் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, அப்புறம் எண் சொன்னார். கோபத்தைக் கேட்ட ஒன்பதாவதுக்கு, “ஒன்னு” என்றார். எழுந்து போ என்று சொல்லியிருக்கலாம். வீடு தேடி வந்த பிள்ளையாயிற்றே என்று பொறுத்துக்கொண்டார் போல. கிளம்பும்போது மோர் கொடுத்தார். நானும் வாங்கிக் குடித்தேன்.

படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்ததால் நாலாம் நாள் காலையில் திரும்பப் போனேன். நிலம் மிதிபட்டுக் கிடந்தது. தட்டைகள் மண்ணோடு மண்ணாக அழுந்தியிருந்தன. காவலுக்குக் கட்டியிருந்த பரணுக்குக் கீழே அக்காவின் புருஷன் குத்தவைத்திருந்தார். “தகரத்தத் தட்டுனேன், வெடி போட்டேன், அசையல” என்று மண்ணைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா மிஞ்சிய கருதுகளைச் சாக்கில் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, “சாப்ட்டியா ஆத்தா?” என்றார்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும். முற்றிய சோளத்தின் வாசத்துக்குத்தான் அவை வருகின்றன, பெயருக்கு இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அது உண்மைதான். ஆனால் பதினொரு முறை சொன்ன அதே வாயால் அதை எப்படிச் சொல்வது? மன்னிப்புக் கேட்டாலோ, ஆமாம், நான்தான் கூப்பிட்டேன் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். எந்தப் பக்கமும் போக முடியாமல், குனிந்து அவரோடு கருது பொறுக்கினேன். ஒரு சாக்கு முழுதாக நிறையவில்லை. கையெழுத்தைக் கேட்காமலே திரும்பிவிட்டேன்.

பேராசிரியரிடம் சொன்னபோது உண்மையிலேயே வருத்தப்பட்டார். பிறகு, “ரெண்டு மாசம் கழிச்சு அதே அம்மாகிட்ட அதே படிவத்தைக் கேளுங்க. மனசு எப்படி மாறுதுன்னு தெரியும்” என்றார். ஆராய்ச்சி முறைப்படி அவர் சொன்னது சரி. அதனால் அவர் மேல் கோபப்படவும் எனக்கு வழியில்லை.

இரண்டு மாதம் கழித்து, சாயங்காலம் ஊருக்குள் ஜீப் நிற்கும் இடத்தில் காத்திருந்தேன். கூட்டத்தோடு கூட்டமாக அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். விரல் நுனியெல்லாம் ஏலக்காய்க் கறை. என்னைப் பார்த்ததும் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தார்.

“வெரசா கேளு ஆத்தா. போயி ஒல வைக்கணும்.”

எட்டு வாக்கியம் முடிந்தது. ஒன்பதாவது வந்தது. படிவம் செல்லாமல் போனால் போகட்டும் என்று, “எங்கள் நிலத்துக்கு வரும் பெரியவர் மீது” என்று ஆரம்பித்தேன்.

அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். குரலில் கோபமே இல்லை.

“பேரச் சொல்லியே கேளு ஆத்தா. இனி வந்து திங்க எங்கிட்ட என்ன நிக்கிது?”

பெயரைச் சொல்லியே வாசித்தேன். “ஒன்னு” என்றார், போன தடவையைப் போலவே. கன்னத்தில் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை.