கதவை அளக்கவில்லை

என் அக்கா மகளை வீட்டில் வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். நல்ல ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, கூடப் படித்த நான்கு பேரோடு சேர்ந்து ஓர் அமைப்பு ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிகள் ஒதுக்கிப்போட்ட சக்கர நாற்காலிகளைச் சரிசெய்து, நடக்க முடியாதவர்களுக்குச் சும்மா கொடுப்பார்கள். இடம்? என் வெல்டிங் பட்டறையின் பின்பக்கம். பெயர்ப்பலகை மாட்டிய பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

ஆளைப் பார்த்து இடுப்பளவு, கால் நீளம், எடை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள்.

"கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு அளவு எடுக்கமாட்டாங்கடி."

"நீங்க வெல்டிங்கைப் பாருங்க மாமா."

நாற்காலி கொடுத்து மூன்று மாதம் கழித்து, சக்கரங்களுக்கு எண்ணெய் போட ஒரு தையல்காரம்மா வீட்டுக்குப் போனோம். நாற்காலி முன்னறையில் புதுசு மாதிரி நின்றது. அதன்மேல் மடித்த துணிகள்.

"இதுல உக்கார்றதே இல்லையாம்மா?" என்றாள் வாயாடி.

"முன்னறையில சுத்துவேன் கண்ணு. பாத்ரூம் கதவுலதான் நுழையல. மருமக வேலை முடிஞ்சு வந்துதான் தூக்கிட்டுப் போகணும். அதான் சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிக்கறதில்ல."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா!"

"சும்மா குடுத்த பொருளுக்கு எந்த வாயால குறை சொல்றது?"

வாயாடி நாடாவை எடுத்து அளந்தாள். கதவு இருபத்து மூன்று அங்குலம். நாற்காலி இருபத்தைந்து.

நாற்காலியை ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வரும் வழியெல்லாம் அழுதாள். "ஆளை அளந்தோம் மாமா, வீட்டை அளக்கலையே."

"அழுதா இரும்பு சுருங்குமா? அந்தப் பக்கம் பிடி."

நாற்காலிச் சட்டத்தை அறுத்து மூன்று அங்குலம் குறைத்தேன். தையல்காரம்மா ஒல்லி, இடம் போதும். இருக்கைத் துணியை அவரே புதிதாகத் தைத்துக் கொடுத்தார். இதற்குள் வாயாடியின் கூட்டாளிகள் நாடாவும் கையுமாக நாற்காலி கொடுத்த மற்ற முப்பது வீடுகளுக்கும் கிளம்பியிருந்தார்கள்.

நாற்காலியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்தம்மா தானே உருட்டிக்கொண்டு பாத்ரூம் கதவுக்குப் போனார். இரண்டு பக்கமும் சுண்டுவிரல் இடைவெளிதான், ஆனாலும் நுழைந்துவிட்டது. உதவிக்கென்று வாயாடி பின்னாலேயே போனாள்.

"நீ எங்க வர்றே? போ வெளியே!"

கதவு சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. நாங்கள் இருவரும் முன்னறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ரொம்ப நேரமாயிற்று.

"தட்டிப் பாக்கவா மாமா?"

"பேசாம நில்லுடி. எத்தனை மாசம் கழிச்சு அவங்க பாத்ரூம்ல தனியா இருக்காங்க."