பன்னிரண்டு பேரில் ஒரு தீவிரவாதி

மணற்காட்டுக்குப் போனது வேதம் படிக்க. வழியும் இடமும் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

போன ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. குருநகர்க் கத்தோலிக்க இளைஞர் சிலரும், எங்கள் புரட்டஸ்தாந்து சபையின் வேதபாடக் குழுவும் சேர்ந்து ஒருநாள் படிப்பு. இயேசு காலத்து யூதப் பிரிவுகளிடமிருந்து கிறிஸ்தவர்கள் எதைக் கற்கலாம் என்பது தலைப்பு. பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ நாகரிகம் படித்தவள் என்பதால் பேச்சு என் தலையில் விழுந்தது. இடத்தையும் நானே தெரிவு செய்தேன். அந்தப் பிரிவுகளில் எசேனர் பாலைவனத்துக்குப் போய் வாழ்ந்தவர்கள். யாழ்ப்பாணத்தில் பாலைவனத்துக்குக் கிட்ட வரக்கூடிய ஒரே இடம் மணற்காடு.

நாங்கள் கத்தோலிக்கரின் கலியாணத்துக்குப் போவோம். செத்தவீட்டுக்குப் போவோம். வேதத்தை ஒன்றாக இருந்து வாசித்ததில்லை.

வான் யூட் அண்ணையுடையது. குருநகர்க்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். போர்க்காலத்தில் இயக்கத்தில் இருந்தவர். பிறகு முகாம், புனர்வாழ்வு, வீடு. ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. குரல் நல்லது என்று அன்றைய வாசகத்தையும் குருநகர் ஆட்கள் அவரிடமே கொடுத்திருந்தார்கள்.

எங்கள் பக்கம் மூத்தவர் நேசன் அங்கிள். பிரதேச சபையில் வரி அறவிடும் பகுதியில் வேலை. வேறு வான் பிடிப்போம் என்று அவர் ஒரு கிழமைக்கு முன்பே சொல்லிப் பார்த்தார். ஆராவது வந்து விசாரித்தால் சபைக்குத்தான் கரைச்சல் என்றார். குருநகர் ஆட்கள் விடவில்லை. கடைசியில் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு.

“நான் வாறன். ஆனா ஏதும் நடந்தா, அந்த ஆளை எனக்குத் தெரியாது எண்டுதான் சொல்லுவன். இப்பவே சொல்லிப்போட்டன்.”

எல்லாரும் பேச்சை வான் வாடகைக்கு மாற்றினார்கள். நானும்தான்.

காலை ஆறரைக்குக் குருநகரிலிருந்து புறப்பட்டோம். பதினான்கு பேர். கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. நாவற்குழிப் பாலத்தில் இரண்டு பக்கமும் களப்பு நீர், வெள்ளிபோல. யன்னலோர இருக்கை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஏ-ஒன்பது வீதியில் இருபத்தைந்து கிலோமீற்றர் ஓடிக் கொடிகாமம். அங்கே இடியப்பமும் சம்பலும் தேத்தண்ணியும். ஆளுக்கு முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. சந்தையில் மத்தியானச் சமையலுக்கு முருங்கைக்காயும் தக்காளியும் வாங்கினோம். கொடிகாமம் தாண்டினால் மரக்கறிக்கு இந்த அளவு தெரிவு கிடையாது.

தேத்தண்ணிக் கடையில் எங்கள் ஆட்கள் ஒரு மேசை. குருநகர் ஆட்கள் வேறு மேசை. யூட் அண்ணை வானுக்குப் பக்கத்தில் நின்றபடி குடித்தார். குருநகர் டிலானி, மீன்பிடிச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள், எங்களைப் பார்த்துச் சொன்னாள்:

“உங்கடை ஆக்கள் தனிச்சு இருந்துதான் சாப்பிடுவினம் போல. பரிசேயரைப் பற்றிப் படிக்கக் கொடிகாமமே காணும், மணற்காட்டுக்கு ஏன்?”

பரிசேயர் என்ற சொல்லுக்கே ‘பிரிந்து நிற்பவர்’ என்றுதான் பொருள் சொல்வார்கள். அவளுக்கு அது தெரியாது. நான் என் தட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் மேசைக்குப் போனேன். அங்கிள் அசையவில்லை.

கொடிகாமத்திலிருந்து வடக்கே வரணி. பிறகு வெட்டவெளி, பனை, காற்று. குடத்தனைப் பக்கம் திரும்பிக் கடலை நோக்கிப் போகவேண்டும். ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். கடைசித் துண்டு வீதியில் மணல் ஏறிக் கிடக்கும். எட்டே முக்காலுக்கு இறங்கினோம்.

சவுக்கங்காடு. அதைத் தாண்டி மணல்மேடுகள். மேடுகளுக்கு நடுவே ஒரு பழைய கத்தோலிக்கக் கோயிலின் சுவர்கள், அரைவாசி புதைந்து. கூரை இல்லை. கடற்கல்லில் கட்டிய வளைவுகள் மட்டும் இன்னும் நிமிர்ந்து நிற்கின்றன. காற்று ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மூடுகிறது, கொஞ்சம் திறக்கிறது.

சவுக்கு நிழலில் பாய் விரித்துப் பேசினேன். பரிசேயரை நாங்கள் பிரசங்கங்களில் வைது வைதே தேய்த்துவிட்டோம். உண்மையில் வேதத்தை ஆலயத்திலிருந்து சாதாரண வீடுகளுக்குக் கொண்டுபோனவர்கள் அவர்கள். எழுத்தறிவித்து வேதத்தைக் கையில் தந்த பள்ளிக்கூடங்களில் வளர்ந்த எங்களுக்கு அது விளங்க வேண்டும். சதுசேயர் ஆலயத்தையும் அதிகாரத்தையும் காப்பாற்றினார்கள். ஆலயம் இடிந்தபோது அவர்களும் கதையிலிருந்து மறைந்துபோனார்கள். எசேனர் தூய்மைக்காக ஊரை விட்டார்கள். தூய்மை கிடைத்திருக்கலாம். அயலவன் இல்லை.

பிறகு பன்னிரண்டு சீடரின் பெயர்களை யூட் அண்ணை எழுந்து வாசித்தார். மூன்றாம் சுவிசேஷத்தில் உள்ள பகுதி.

எங்கள் வேதாகமத்தில் ஒரு சீமோனுக்குப் பக்கத்தில் ‘செலோத்தே’ என்று இருக்கும். சிறுவயதில் அதை ஓர் ஊர்ப் பெயர் என்று நினைத்திருந்தேன். பேச்சுக்காகக் கிரேக்க அகராதி வரை போய்ப் பார்த்தேன். குருநகர் ஆட்கள் வைத்திருக்கும் மொழிபெயர்ப்பைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. அதில் அந்தச் சொல்லைத் தமிழாக்கியிருக்கிறார்கள்.

யூட் அண்ணை அந்த இடத்தில் நின்றார். புத்தகத்தை இறக்கவில்லை.

“தங்கச்சி, உங்கடையிலை இதிலை என்ன போட்டிருக்கு?”

“செலோத்தே.”

“அப்பிடியெண்டா?”

ரோமரை எதிர்த்துப் போராடிய அப்படி ஓர் அமைப்பு அந்தக் காலத்தில் இருந்ததா என்பதே விவாதம், வெறுமனே ஆர்வமுள்ளவன் என்றும் பொருள் கொள்ளலாம் என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தேன்.

“எங்கடையிலை தீவிரவாதி எண்டு இருக்கு,” என்றார் அவர்.

வானொலிச் செய்தியில் கேட்ட சொல். சோதனைச்சாவடியில் கேட்ட சொல். வேதப்புத்தகத்திலிருந்து, அவருடைய வாயால். மணல் எங்கள் பாய்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. நேசன் அங்கிள் கடல் பக்கம் பார்த்தார்.

யூட் அண்ணை தொடக்கத்திலிருந்து மறுபடி வாசித்தார். பேதுருவிலிருந்து. அந்தச் சொல்லில் குரல் இறங்கவில்லை. முடித்துவிட்டுச் சொன்னார்: “பேரை விட்டு வைச்சிருக்கினம். வெட்டேல்லை.”

டிலானி தன் புத்தகத்தில் விரலை வைத்தாள். “ரெண்டு பேருக்கு முன்னாலை பாருங்கோ, வரி வாங்கிற மத்தேயுவும் நிக்கிறான். அங்கிளின்ரை ஆள்.”

எல்லாரும் சிரித்தோம். அங்கிள் பிந்திச் சிரித்தார். “அவன் ரோமனுக்கு வாங்கினவன். நான் பிரதேச சபைக்குப் பிள்ளை.”

ரோமருக்கு வரி அறவிட்டவனும் ரோமரை எதிர்த்தவனும் ஒரே பானையில் சாப்பிட்டிருக்கிறார்கள். முதல் நாள் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்திருப்பார்கள்? நான் தயாரித்து வந்த முடிவுரையில் இது இல்லை. முடிவுரையை மடித்து வைத்தேன்.

மத்தியானம் சோறு பரிமாறும்போது ஒரு மோட்டார்சைக்கிள் வந்தது. சாதாரண உடுப்பில் இரண்டு பேர், புலனாய்வுக்காரர். மரியாதையாகத்தான் கேட்டார்கள். என்ன கூட்டம், எங்கிருந்து, பொறுப்பு ஆர், வான் ஆருடையது. வடக்கில் பத்துப் பேர் சேர்ந்து இருந்தால் இது நடக்கக்கூடியது.

அவர்கள் கேட்குமுன்பே யூட் அண்ணை சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். எழுந்து எங்களைவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். பழக்கம். எங்களுக்காகத்தான் தள்ளி நின்றார் என்பது கொஞ்சம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

நேசன் அங்கிள் கையைக் கழுவினார். உடுத்திருந்த சறத்தில் துடைத்தார். மணலில் செருப்பில்லாமல் நடந்து போய் யூட் அண்ணைக்குப் பக்கத்தில், தோள் முட்ட நின்றார்.

“முதல் என்ரை பேரை எழுதுங்கோ. அதுக்குக் கீழை இவரின்ரை பேர். ரெண்டு பேரும் ஒண்டாத்தான் வந்தனாங்கள்.”

இவர் உங்களுக்கு யார் என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார்.

“இண்டைக்கு எங்களுக்கு வேதம் வாசிச்சவர்.”

எழுதினார்கள். இரண்டு பெயரும் மேலும் கீழுமாக. எங்கள் பெயர்களையும் நாங்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னோம். பிறகு மோட்டார்சைக்கிள் போய்விட்டது. யூட் அண்ணை இன்னும் அதே இடத்தில் நின்றார்.

“தம்பி, சோறு ஆறுது. வாரும்,” என்றார் அங்கிள்.

காலையிலிருந்து அவர் யூட் அண்ணையோடு கதைத்த முதல் வார்த்தை அது.

பெருமைப்படக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். அன்று பெருமையாக இருந்தது. என் சபையைப் பற்றி, குருநகரைப் பற்றி, முருங்கைக்காய்க் கறியோடு மணலில் ஒன்றாகச் சாப்பிட்ட பதினான்கு பேரைப் பற்றி. பழைய பிரிவுகள் ஒவ்வொன்றும் தங்களுக்குச் சரியான ஆட்களைத் தேடிச் சேர்த்தன. சரிவராத ஆட்களைச் சேர்த்து ஒரு பெயர்வரிசை உண்டாயிற்று. எங்களுக்குக் கிடைத்த நம்பிக்கை அந்த வரிசையில் தொடங்கியது.

போகிறவர்களுக்கு. வான் வாடகை முழு நாளுக்குப் பதினெட்டாயிரம். ஆளுக்கு ஆயிரத்து முந்நூறு வரும். பேருந்தில் போவதானால் பருத்தித்துறையில் இறங்கி ஓட்டோ பிடியுங்கள், வாடகையை முதலே பேசிக்கொள்ளுங்கள். பத்து மணிக்குப் பிறகு மணல் சுடும். தண்ணீர் நிறையக் கொண்டுபோங்கள், அங்கே கடை கிடையாது. பழைய சுவர்களில் ஏறவேண்டாம். வேதம் வாசிப்பதானால் இரண்டு மொழிபெயர்ப்பையும் கொண்டுபோங்கள்.

குழுவாகப் போனால் யாராவது வந்து பெயர் கேட்கலாம். பயப்பட ஒன்றுமில்லை. சொல்லுங்கள். ஒருவருடைய பெயரையும் விடாமல் சொல்லுங்கள்.