சிவநேசனின் லொகினில் நான் செய்த மாற்றம்

1. ஊர்கள் ஒட்டிய காலை

யுத்தத்தின் கடைசி வருஷங்களில் கண்டியில் ஒரு இரத்தப் பரிசோதனைக் கம்பெனியில் சேர்வர் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தேன். ஒரு நாள் காலை கம்பெனியின் எல்லாக் கிளைகளுக்கும் லைன் ஒன்றாக அறுந்தது. என் சொந்த ஊர் அக்குறணையிலிருந்து போனுக்கு மேல் போன். ரிப்போர்ட் ஒன்றும் திறக்கவில்லையாம்.

எந்தக் கிளையை உள்ளே விடலாம் என்ற லிஸ்ட் ஒரு கொன்ஃபிக் ஃபைலில் இருக்கும். சேர்வர் அதைப் படித்துத் தன்னை மாற்றிக்கொள்ளும். அன்று நாவலப்பிட்டியைப் புதிதாகச் சேர்த்தவன் நான். லிஸ்டோடு லிஸ்டைத்தான் கூட்ட வேண்டும். ஒரே பெயர் என்றாலும் சதுர அடைப்புக்குள் போட்டால்தான் அது லிஸ்ட். நானோ சோம்பேறித்தனத்தில் லிஸ்டையும் பெயரையும் ஒரே மேற்கோளுக்குள் திணித்தேன். எல்லாம் ஒட்டி 'கண்டிஅக்குறணைமடுல்கெல்லநாவலப்பிட்டி' என்று ஒரே கிளையானது. அப்படி ஒரு ஊர் எங்கே இருக்கிறது? சேர்வர் எல்லோருக்கும் கதவைச் சாத்திவிட்டது.

2. லொக்கில் இருந்த பெயர்

யார் எதை மாற்றினார் என்று சேர்வர் குறித்து வைக்கும் லொக்கில் என் பெயர் இல்லை. சிஸ்டத்தைக் கட்டியவர் யாழ்ப்பாணத்துச் சிவநேசன். வசதிக்காக நாங்கள் எல்லோரும் அவருடைய லொகினையே பாவித்தோம்.

மெனேஜர் மடுல்கெல்லப் பக்கத்தவர், பயந்த மனுஷன். "லொக்ல உங்க பேரு இருக்கு சிவநேசன். இந்த நேரத்துல, யாழ்ப்பாணத்து ஆளு, எல்லா லைனும் அவுட். நாளைக்கு பொலிஸ் கேட்டா நான் என்ன சொல்றது?"

"ஓம், பேர் என்ர பேர்தான். நான் செய்யேல்லை."

சிவநேசன் என்னை ஒரு தரம் பார்த்தார். காலையில் அந்த லொகினில் இருந்தது நான் என்று அவருக்குத் தெரியும். சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. திருத்திவிட்டுச் சொல்லலாம் என்று மெஷினுக்குப் போனேன். பயம்தான், வேறொன்றுமில்லை. இரண்டு அடைப்புப் போட அரை மணித்தியாலம் எடுத்தேன். கிளைகள் வந்தபிறகு எழும்பிப் போய், "சேர், செஞ்சது நான்" என்றேன்.

மெனேஜர் மேசைப் போனைக் காட்டினார். "இப்ப வந்து சொல்றீங்களே தம்பி. நான் பொலிஸுக்குக் கோல் எடுத்துட்டேன். அவரக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

இரண்டு பேரும் பொலிஸுக்கு ஓடினோம். என் பிழை என்று எழுதிக் கொடுத்தேன். பின்னேரம்தான் அவரை விட்டார்கள். வெளியே வந்தவர் கேட்டது ஒன்றுதான்.

"நாவலப்பிட்டி வந்திட்டுதோ?"

"வந்துட்டு."

அடுத்த கிழமை சிவநேசன் வேலையை விட்டுப் போனார். எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: ஆளுக்கொரு லொகின். ஒரு பெயரானாலும் அடைப்பு. பிழை விட்டால் முதலில் சொல்லுங்கள், பிறகு திருத்துங்கள். நான் முதலில் திருத்தினேன்.