நாற்பத்தொன்றாம் நிமிடம்

படம் தொடங்கிப் பதினோரு நிமிடம் ஆவதற்குள் பல்லுக்கார அக்காவின் பென்சில் முனை அஞ்சலட்டையைத் தொட்டுவிடுகிறது. இன்னும் எழுதவில்லை. சுவரில் ஒரு விஞ்ஞானி கண்ணாடிக் குழாயைக் குலுக்கிக்கொண்டிருக்கிறார். குழாயில் இருப்பது ஷாம்பு என்பது கடைசி வரிசைக்கும் தெரிகிறது. சுற்றிலும் இருபது பேர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவர் சிரிக்கவில்லை. விஞ்ஞானி குழாயை மூக்கருகே கொண்டுபோய், நன்றாக முகர்ந்து, "கொடிய விஷம்" என்கிறார். பென்சில் நகர்கிறது. அட்டையில் விழுவது ஒரு சொல்லும் ஓர் எண்ணும்: "விட்டது: 12."

எதை விட்டது என்று முதல் நாளே கேட்டேன். "என்னைத்தாங்க ஐயா. அதுவரைக்கும் என் கையைப் பிடிச்சிருந்துச்சு. இங்க விட்டுடுச்சு. எத்தனாவது நிமிஷத்துல விட்டாங்கன்னு எடுத்தவங்களுக்குத் தெரிய வேணாமா?" படத்தின் முடிவில் ஓடும் பெயர்களைக் கொண்டு முகவரியைத் தேடிப் பிடித்து, திங்கட்கிழமை காலை அட்டையைத் தபாலில் போட்டுவிடுவார். கீழே தன் பெயர், வீட்டு எண், தெரு எல்லாம் இருக்கும். ஒளிந்துகொண்டு குறை சொல்வது அவருக்குப் பிடிக்காது.

இரு சக்கர வண்டி பழுது பார்க்கும் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருக்கிறது எங்கள் சங்கம். வெள்ளையடித்த சுவர்தான் திரை. குறைந்த செலவில் எடுத்த பேய்ப் படங்களையும் விண்வெளிப் படங்களையும் ஞாயிறு மூன்று மணிக்குப் போடுவோம். அவற்றைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே உறுப்பினர்கள் வருகிறார்கள். வருகைக் குறிப்பேடு என் பொறுப்பு. சென்ற மாதம் முதல் ஞாயிறு வரை 203 படங்கள். அவர் வராதவை ஐந்து: கணவரின் கண் அறுவைக்காக இரண்டு, மகளின் பிரசவத்துக்காக இரண்டு, காய்ச்சலில் ஒன்று. மீதி 198க்கும் அட்டை போயிருக்கிறது. கடைசிவரை விடவேயில்லை என்று அவர் எழுதியவை இரண்டு மட்டும். பதில் வந்தவை ஏழு. அவற்றில் ஐந்து வசவு, ஒன்று காலி உறை, ஒன்று கல்யாணப் பத்திரிகை.

அவருக்குப் பல்செட் செய்வது தொழில். ஊரின் மூன்று பல் மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சுகளை வைத்து, மெழுகில் பல் அடுக்கி, வேகவைத்து, ராவி, மெருகேற்றிக் கொடுக்கிறார். வயது ஐம்பத்து மூன்று. புருவத்தில் எப்போதும் கொஞ்சம் அச்சு வார்க்கும் மாவு இருக்கும். வலது கட்டைவிரலில் ஸ்பிரிட் விளக்கு சுட்ட தழும்பு. பேசும்போது நம் கண்ணைப் பார்க்கமாட்டார், வாயைத்தான் பார்ப்பார். பட்டறையின் மூன்று சுவரிலும் பலகை அடித்து, நோயாளிகளின் வாயச்சுகளை எண் போட்டு வரிசையாக வைத்திருக்கிறார். "முந்நூறு வாய் பேசாம உக்காந்திருக்கற ஒரே இடம் என் பட்டறைதாங்க ஐயா" என்பார். எண்ணிப் பார்த்தேன். முந்நூற்றுப் பதினெட்டு.

தெருவில் அவர் பல்லுக்கார அக்கா. சங்கத்தில், முதுகுக்குப் பின்னால், உம்மணாமூஞ்சி. அது அவருக்குத் தெரியும். "சிரிக்கறதுக்கு வேற நல்ல விஷயமே கிடைக்கலியா இவங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார். மோசமான படத்தை மோசமாக இருப்பதற்காகவே ரசிப்பது அவருக்குப் புரியாத கலை. "கோணலா ஒரு பல்செட் செஞ்சு குடுத்தா, மாட்டிக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னு ரசிப்பாங்களா? என்னை அடிக்க வருவாங்க."

செலவு குறைவு என்பதை அவர் ஒரு குற்றமாகவே கொள்வதில்லை. அவர் பாராட்டிய இரண்டு படங்களில் ஒன்றில் விண்கலம் என்று காட்டியது ஒரு குளியலறைக் கதவையும் ஒரு சிவப்பு பல்பையும். எழுபத்தொரு நிமிடம் அந்தக் கதவைத் தவிர வேறொன்றும் இல்லை. படம் முடிந்து விளக்கு போட்டபோது அவர் கால்களை நாற்காலி மேல் தூக்கி வைத்திருந்தார். "காசில்லாம எடுக்கலாம். கவனமில்லாம எடுக்கக் கூடாது. போன வாரப் படத்துல செத்தவன் வயிறு ஏறி இறங்குது. அவனை மூச்சைப் பிடிச்சுக்கிட்டு படுன்னு சொல்றதுக்கு எத்தனை செலவாகும்?"

கணவர் மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். எந்தப் பேய்ப் படத்துக்கும் வரமாட்டார். பட்டறை வாசலில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பார்.

"பேய் மேல இருக்கற அக்கறையில பாதி என் மேல இருந்திருந்தா, நான் இன்னேரம் பத்து கிலோ ஏறியிருப்பேன்."

"நீங்க என்னை ஒரு தடவையாவது பயமுறுத்தியிருக்கீங்களா?"

"முப்பது வருஷமா நான்ல பயந்துகிட்டு இருக்கேன்."

அப்படி எதற்காகத்தான் பயப்பட ஆசைப்படுகிறார் என்று ஒருநாள் கேட்டேன். அரத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்: "நாள் முழுக்க வாயா பாக்கறேன். எந்த வாய்க்குள்ள என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும். தெரியாத வாய் ஒண்ணை ஒரு தடவை பாத்துடணும். அது சினிமாலதான் வரும். ஆனா பாருங்க, வாயைத் தொறந்தாலே அத்தனையும் கோரைப்பல்லு. கடைவாய்ப்பல்லே கிடையாது. இவன் மனுஷனைத் தின்னா எப்படி மெல்லுவான்? முழுங்கிட்டு அஜீரணத்துல சாவான்."

சங்கத்தின் ஏழாம் விதி: படம் ஓடும்போது பேசியோ நிறுத்தியோ இடையூறு செய்பவருக்கு இரண்டு எச்சரிக்கை, மூன்றாம் முறை ஓராண்டு இருக்கை ரத்து. அவர் இரண்டையும் வாங்கியிருந்தார். முதலாவது, "வால் எங்கய்யா? போன காட்சில வால் இருந்துச்சே!" என்று சுவரைப் பார்த்துக் கத்தியதற்கு. இரண்டாவது, பின்வரிசைச் சிரிப்பைத் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் பயப்பட விடுங்கப்பா!" என்றதற்கு. இந்தப் படங்களைச் சுவர் அளவுக்குப் போட்டுக் காட்டும் இடம் ஊரில் வேறு இல்லை. கைபேசியில் பார்க்கலாமே என்றால், "கட்டைவிரல் அளவு பேய்க்கு எவ பயப்படுவா?" என்பார். ஆகவே அந்த இரண்டாம் எச்சரிக்கைக்குப் பிறகு பதினெட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சென்ற மாதம் இரண்டாம் ஞாயிறு, சங்கத் தலைவரான மருந்துக்கடைக்காரர் ஓர் ஏற்பாடு செய்தார். பதினான்கு வாரக் கடைசிகளில் ஒருவர் தாமே எடுத்த படம் ஒன்று கிடைத்திருந்தது. எடுத்தவர் நம் ஊரிலேயே டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். "பாராட்டுக் கூட்டம்னு சொல்லிக் கூப்பிடுவோம். வந்துடுவாரு. நேர்லயே வெச்சு செஞ்சிடலாம்" என்றார் தலைவர். கைதட்டி ஒப்புக்கொண்டார்கள். டிரைவிங் மாஸ்டர் மடிப்புக் கலையாத சட்டையில், மனைவியோடு வந்தார். முதல் வரிசையில் உட்கார வைத்தோம்.

படம் 3.11க்குத் தொடங்கியது. அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் ஏதோ ஒன்று குடியிருக்கிறது. வீடுகளில் குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் ஒரு மூச்சு வருகிறது. ஆறாம் நிமிடத்திலேயே கூடம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. நடிகர்கள் வசனத்தை ஒப்பித்தார்கள். ஒருத்தி அழும்போது கடிகாரத்தைப் பார்த்தாள். மாஸ்டரும் சேர்ந்து சிரித்தார். சிரித்தபடியே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பல்லுக்கார அக்காவின் அட்டையைப் பார்த்தேன். இருபது நிமிடம் ஆயிற்று, முப்பது ஆயிற்று, பென்சில் இறங்கவில்லை. இடது கை நாற்காலிச் சட்டத்தைப் பிடித்திருந்தது. நாற்பத்தொன்றாம் நிமிடத்தில் தொட்டியின் மூடி நகர்ந்தது. அந்த ஏதோ ஒன்று தலையை நீட்டி வாயைத் திறந்தது. வேடம் போட்டிருந்தது மாஸ்டரேதான். வாய் நிறைய, தெர்மோகோலில் வெட்டிய ஒரே அளவு முக்கோணங்கள். அதில் ஒன்று கழன்று தண்ணீரில் விழுந்து மிதந்தது.

கூடம் அதிர்ந்தது. ஒருவர் நாற்காலியிலிருந்தே சரிந்தார். "இன்னொரு தடவை போடு! இன்னொரு தடவை!" என்று கத்தினார்கள். அவர் எழுந்தார். அட்டையில் எதையும் எழுதவில்லை. நேராகச் சுவரோரம் போய் விளக்கு ஸ்விட்சைத் தட்டினார். சுவரிலிருந்த படம் வெளிறிப் போனது. மணி 3.52.

"இதுல என்ன சிரிப்பு?" என்றார்.

"அக்கா, உக்காருங்க. மூணாவது தடவை இது" என்றார் தலைவர்.

"தெரியும். எனக்கும் எண்ணத் தெரியும்." மாஸ்டரிடம் திரும்பினார். "இந்தப் பல்லை யாருங்க செஞ்சது?"

மாஸ்டர் எழுந்து நின்றார். "நான்தான். ஃபிரிட்ஜ் வந்த பெட்டிக்குள்ள இருந்துச்சு... கையில அவ்வளவா வசதி இல்லக்கா."

"வசதி எதுக்கு? வாய்தான் இருக்கே. உங்க வாய்லயே ஒரு பல்லு இன்னொரு பல்லு மாதிரி இருக்கா? கண்ணாடில பாத்தீங்களா? பாக்கலை. நாப்பது நிமிஷம், அந்தக் குழாய்ல மூச்சு வர்றப்ப, நான் வீட்டுக்குப் போய் எப்படிக் கை கழுவப் போறேன்னு உக்காந்திருந்தேன். அப்படி என்னைக் கொண்டுவந்து நிறுத்திட்டு, கடைசில தெர்மோகோலைக் காட்டறீங்களே, இது நியாயமா?"

மாஸ்டரின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். "நெஜமாவே பயந்தீங்களா?" என்று கேட்டார்.

"பயந்ததாலதான் கோவம். பயப்படாத படத்துக்கு நான் எதுக்குங்க எழுந்திரிக்கறேன்?"

மாஸ்டரின் மனைவி அப்போதுதான் தலையை நிமிர்த்தினார்.

தலைவர் நல்லவர்தான். ஒரு வழி சொன்னார். "ஒரே ஒரு வார்த்தை, மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிடுங்கக்கா. விதியை மறந்துடறோம். படம் பாக்கலாம்."

"நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? ஒரு மனுஷனைப் பாராட்டுன்னு கூப்பிட்டு உக்கார வெச்சு இளிச்சது நானா? மறக்கறதுக்கா விதி எழுதினீங்க?" என்னைப் பார்த்தார். "ஐயா, எழுதுங்க. மூணாவது தடவைன்னு எழுதுங்க. மணியையும் போடுங்க."

எழுதினேன். வாக்கெடுப்பு நடந்தது. ரத்து செய்ய வேண்டும் என்று பதினான்கு, வேண்டாம் என்று எட்டு. குறிப்பேடு வைத்திருப்பவருக்கு வாக்கு கிடையாது. அக்கா தன் நாற்காலியைத் தானே மடக்கிச் சுவரோரம் சாய்த்தார். பிறகு மாஸ்டரின் சட்டைக் கையைப் பிடித்து, சாளர வெளிச்சத்துக்கு இழுத்துப்போய், "வாயைத் தொறங்க" என்றார். அத்தனை பேர் முன்னால் மாஸ்டர் வாயைத் திறந்தார். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கீழ்வரிசை நெரிசலா இருக்கு. நல்லது. சனிக்கிழமை வாங்க, அச்செடுத்துடலாம்" என்று சொல்லிப் படியிறங்கிப் போனார். மீதிப் படத்தை நாங்கள் பார்த்தோம். அன்று அதற்கு மேல் யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை.

போன சனிக்கிழமை பகல் பன்னிரண்டு இருபதுக்கு நான் பட்டறையில் இருந்தேன். என் மேல்செட் கவ்வாமல் ஆடிக்கொண்டிருந்தது. கழற்றி வாங்கி வைத்துக்கொண்டு, பொக்கை வாயோடு என்னைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார். அச்செடுத்த பிறகு மாஸ்டர் அங்கே வந்தது அது ஐந்தாம் தடவை. முதல் நான்கு செட்டும் மேசையின் ஓரத்தில் கிடந்தன. நான்கையும் அக்காவே வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தார். முதலாவது "நாய்", இரண்டாவது "விளம்பரம்", மற்ற இரண்டும் "பொய்".

"நாய் நல்லாத்தானே இருந்துச்சு" என்றார் கணவர், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

"நாயைப் பாத்து பயப்படறவங்க நாயையே பாத்துக்கட்டும். எதுக்குப் படத்துக்கு வரணும்?"

ஐந்தாவதை மாஸ்டர் கையில் கொடுத்தார். பார்த்தால் சாதாரண மனிதப் பல்தான். கொஞ்சம் பழுப்பு, முன்பல் ஒன்றில் சின்ன விரிசல், ஈறு லேசாக ஏறியிருந்தது. இதற்கா ஐந்து வாரம் என்று தோன்றியது. மாஸ்டர் திரும்பிக்கொண்டு மாட்டினார். அக்கா சாளரத் திரையை இழுத்துவிட்டார். பட்டறை அரை இருட்டானது. அவர் திரையோரமாகவே நின்றுகொண்டார்.

"வாயைப் பொளக்க வேணாம் மாஸ்டர். சும்மா, தெரிஞ்சவங்களைப் பாத்த மாதிரி மெதுவா சிரிங்க."

மாஸ்டர் திரும்பிச் சிரித்தார். அது விரிந்துகொண்டே போனது. எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்காமல், கன்னத்துக்குள் இன்னும் பல் இருந்தது. எல்லாம் ஒழுங்கான, சின்னச் சின்ன, நம்முடையதைப் போன்ற பல். நான் எண்ணத் தொடங்கினேன். முடிக்கவில்லை.

"ஏம்மா, விளக்கைப் போடேன்" என்றார் கணவர். அவர் செய்தித்தாளைக் கீழே இறக்கியிருந்தார்.

அக்கா கையிலிருந்த அரத்தைக் கீழே வைக்கவில்லை. மாஸ்டரின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், முதுகைத் திருப்பாமல், இடது கையைப் பின்னால் நீட்டி, திரையின் நுனியைத் தடவித் தடவித் தேடினார்.