டாக்டர் நாற்காலியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதன் பிறகு சூரத்தில் சாயப்பட்டறை, நெல்லூரில் இறால் பண்ணை, கேரளாவில் கல் குவாரி என்று எங்கே வேலை கிடைத்ததோ அங்கே இருந்தேன். மரக்காணம் உப்பளத்துக்கு வந்து மூன்று பருவம் ஆகிறது. அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை டாக்டராக இருந்தேன்.

உப்புத் தண்ணீரில் நின்று நின்று என் குதிகாலில் வந்த புண் ஆறாமல் போனது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்தான் ஒரு மாதம் கட்டுப் போட்டு ஆற்றினார். காசு வாங்கவில்லை. கடைசிக் கட்டைப் பிரித்த அன்று கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

“ஏம்பா, ஞாயித்துக்கிழமை உனக்கு வேலை இருக்குதா?”

“இல்லீங்க சார்.”

“பெரிய முதலியார்சாவடியில ஒரு ஓட்டல்ல டாக்டருங்களுக்கு மீட்டிங். என் பேரு போட்ட அட்டைய மாட்டிக்கினு நீ போய் உக்காரணும். அவ்ளோதான்.”

டாக்டருக்குப் படித்து முடித்தால் அதோடு முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு இத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்ததாகச் சான்றிதழ் காட்ட வேண்டும். அவருக்கு இரண்டு வகுப்புகள் குறைந்தன. வகுப்பு நடப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் திறந்திருப்பது அவர் கிளினிக் ஒன்றுதான், வாசல் வரை ஆள் நிற்கும். அதை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை.

“யாராவது எதாவது கேட்டா என்ன சார் பண்றது?”

“தொண்டை கட்டிக்கிச்சுன்னு கையைக் காட்டு.”

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் ஒரு பெண் அட்டையை மிஷினில் காட்டச் சொன்னாள். பீப் என்றது. காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. இடையில் எழுந்து போனவர்கள் போனார்கள். எனக்குப் போக இடம் இல்லை. ஏசி இருந்தது, உட்கார்ந்தேன்.

முதல் இரண்டு பேர் பேசியது ஒன்றும் புரியவில்லை. மூன்றாவதாக வந்தது ஒரு சிறுநீரக டாக்டரம்மா. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். ஆனால் திரையில் அவர் காட்டிய படம் எனக்குத் தெரிந்த படம். வெயிலில் தலையில் முண்டாசு கட்டிய பெண்கள், கரும்புக் காடு, செங்கல் சூளை. அடுத்த படத்தில் ஒரு மாத்திரைப் பட்டை. ரோஸ் நிறம். எங்கள் உப்பளத்தில் தினமும் நான் பார்க்கிற அதே மாத்திரை.

“வெயில்ல வேலை செய்யறாங்க, தண்ணி குடிக்கிறதில்ல, உடம்பு வலிக்குதுன்னு இதை தினம் போட்டுக்கறாங்க. மூணும் சேர்ந்தா கிட்னி மெதுவா காலியாகும். வலியே தெரியாது. காலையில மூஞ்சி வீங்கும், கால் வீங்கும், சிறுநீர்ல நுரை வரும். அதுக்குள்ள நாம கண்டுபிடிக்கணும்” என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, “உப்பளம் இருக்கிற பக்கத்துலேருந்து யாராவது வந்திருக்கீங்களா? மரக்காணம்?” என்று கேட்டார்.

என் பக்கத்தில் இருந்த இளம் டாக்டர் என் அட்டையில் இருந்த ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தி என்னைக் காட்டினார். எல்லாரும் திரும்பினார்கள். நான் தொண்டையைத் தொட்டுக் கையை ஆட்டினேன். சிரித்தார்கள்.

“பரவாயில்ல சார். உங்ககிட்டதான் இவங்க முதல்ல வருவாங்க. நீங்க நிறுத்தினாதான் நிக்கும். செய்வீங்களா?”

தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

பஸ்ஸில் திரும்பும்போது அந்தத் தலையாட்டல்தான் கூடவே வந்தது. எங்கள் செட்டில் ஒரு அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். வேலை கேட்டு வந்த எனக்கு மேஸ்திரியிடம் சொல்லி இடம் வாங்கிக் கொடுத்தவர். பாத்தியிலிருந்து கரைக்கு உப்புக்கூடை சுமப்பதில் எங்கள் யாரையும் விட வேகம். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று அந்த ரோஸ் மாத்திரையை விழுங்குவார். சில மாதமாகக் காலையில் முகம் வீங்கித்தான் வருவார்.

மறுநாள் பாத்தியில் சொன்னேன்.

“அக்கா, இந்த மாத்திரையை நிறுத்து. கிட்னி போயிடும்.”

“யாரு சொன்னது?”

“டாக்டரு.”

“எந்த டாக்டரு? எழுதிக் குடுத்ததே நம்ம பஸ் ஸ்டாப்பு டாக்டருதானேடா.”

“ஒரு மாசம் கால் புண்ண வச்சிக்கினு ஊரைச் சுத்தனவன், இவன் சொல்ல வந்துட்டான்” என்றாள் கூடையோடு போன ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கூடையை இறக்கிவிட்டு, “இது இல்லாம மத்தியானத்துக்கு மேல எனக்கு இடுப்பு நிக்காது. எழுதினவரு வந்து வேணாம்னு சொல்லட்டும், வுட்டுடறேன்” என்றார்.

அன்று மாலையே டோக்கன் வாங்கி கிளினிக்கில் உட்கார்ந்தேன்.

“என்னப்பா, புண்ணு மறுபடியும் வந்துடுச்சா?”

“இல்ல சார். நேத்து மீட்டிங்ல என்ன சொன்னாங்கன்னு சொல்ல வந்தேன்.”

சிரித்தார். “அதெல்லாம் படிச்சதுதாம்பா. எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் சார் எங்க அக்காவுக்கு எழுதறீங்க?”

சிரிப்பு நின்றது. “வெளிய போ. பேஷண்ட் நிக்கறாங்க.”

வெளியே போய் இன்னொரு டோக்கன் வாங்கினேன். என் முறை வந்ததும் மறுபடி உள்ளே போய் வெயில், தண்ணீர், மாத்திரை மூன்றையும் சொன்னேன். மறுபடி வெளியே அனுப்பினார். மூன்றாவது டோக்கன் வாங்கும்போது சீட்டு கொடுக்கிற பெண், “ஏங்க, உங்களுக்கு வேற வேலை இல்லையா?” என்றாள். “இல்லைம்மா, இதான் வேலை” என்றேன்.

மூன்றாவது முறை டாக்டர் நாற்காலியைக் காட்டினார். முகம் வீங்குவதையும் நுரை வருவதையும் சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கடைசியில், “அந்தம்மா எல்லார் எதிர்லயும் செய்வீங்களான்னு கேட்டாங்க சார். நான் உங்க பேர்ல தலையாட்டிட்டு வந்துட்டேன்” என்றேன்.

“அந்த அக்காவுக்கு நான் எழுதினது அஞ்சு நாளைக்குதான்” என்றார். அது உண்மைதான். ஆனால் அந்தப் பழைய சீட்டை மருந்துக் கடையில் காட்டிக் காட்டி அக்கா மூன்று வருஷமாக வாங்கிக்கொண்டிருந்தார். அதை டாக்டரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

“நாளைக்குக் கூட்டிட்டு வா” என்றார்.

ரத்தம் எடுத்தார்கள். கிட்னி கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற கிரியேட்டினின், இருக்க வேண்டியதைவிட அதிகம். டாக்டரே போன் செய்து புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நான் கூடப் போனேன். “பழையபடி ஆகுமான்னு இப்ப சொல்ல முடியாது. இதுக்கு மேல கெடாம பாத்துக்கலாம். வலி மாத்திரை கூடவே கூடாது. தண்ணி குடிக்கணும். அடுத்த மாசம் மறுபடி ரத்தம் பாக்கணும்” என்றார்கள். திரும்பும் வழியில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, “நீ சொல்லாம இருந்தா கிட்னி தெரியாமலே போயிருக்கும் இல்ல?” என்றார்.

டாக்டர் நான் உட்கார்ந்து வாங்கிய சான்றிதழைப் பதிவுக்குக் கொடுக்க வேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்டார். பதிவு முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. மறுபடி இரண்டு வகுப்புகளும் அவர் கணக்கில் பாக்கி நின்றன. “வர்றவங்களுக்கு நான் வாசல்ல நின்னு சொல்லிக்கிறேன், நீங்க போங்க சார்” என்றேன். அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் பூட்டிய கிளினிக் படியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

“டாக்டர் எங்கப்பா?”

“படிக்கப் போயிருக்காரு.”

“இந்த வயசுலயா? பெயிலா?”

“பாஸ்தான். மறுபடியும் படிக்கணுமாம்.”

சிலர் திட்டிவிட்டுப் போனார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணை நானே ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

இரண்டாவது வகுப்பு முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு டாக்டர் உப்பளத்துக்கே வந்துவிட்டார். ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தார். அக்காவைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கேட்டார்.

“தண்ணி குடிக்கச் சொன்னாங்களே, குடிக்கிறீங்களா?”

“இல்ல சார்.”

“ஏன்?”

பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா கையை நீட்டிச் சுற்றிலும் காட்டினார். “குடிச்சா போவணும் இல்ல? எங்க சார் போறது? இங்க ஒரு செடி இருக்குதா? விடியறதுக்கு முன்ன குடிச்சா, வூட்டுக்குப் போய்தான் அடுத்த வாய்.”

கண்ணுக்கு எட்டின தூரம் பாத்தி, வரப்பு, உப்புக் குவியல். ஆள் மறைய ஒன்றும் இல்லை. மூன்று பருவம் இவர்களோடு வேலை செய்தவன் நான். எனக்கு இது தெரியாது. நாங்கள் ஆம்பளைகள் வரப்புக்குத் திரும்பி நின்றுகொள்வோம்.

டாக்டர் மேஸ்திரியிடம் பேசினார். “முதலாளிய கேக்கணும் சார்” என்றான் மேஸ்திரி. முதலாளி திண்டிவனத்தில் இருந்தார். கேட்டுச் சொல்வதாக ஒரு வாரம் போனது. எட்டாம் நாள் நான் நாலு சவுக்குக் கம்பும் கீற்றும் வாங்கி வந்து வரப்பு அகலமான இடத்தில் நட்டேன். மேஸ்திரி பார்த்துவிட்டு வேறு பக்கம் போனான். மாலைக் கடல்காற்றில் சாய்ந்தது. மறுநாள் நட்டேன், அதுவும் சாய்ந்தது. மூன்றாம் நாள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு இடுப்பு ஆழம் தோண்டிக் களிமண்ணைக் குத்தி இறுக்கினோம். தரையில் ஒரு குழி, சுற்றிக் கீற்று, சாக்கில் ஒரு கதவு. நின்றது.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அக்கா கூடையைக் கவிழ்த்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். பாட்டிலை எடுத்தார். எல்லாரும் பார்க்க, நிறுத்தாமல் பாதி பாட்டில் குடித்தார். மூச்சு வாங்கிக்கொண்டு மீதியையும் குடித்தார்.

“என்னடா வேடிக்கை?” என்றார் என்னைப் பார்த்து. “காலி பாட்டில ரொப்பிக்கினு வா.”